வெட்டி ஒட்டிய எட்டு நொடி

என் கண்ணுக்குத் தப்பிய தடிப்பு எந்த நூலிலும் கிடையாது என்று இருபத்திரண்டு வருஷமாகப் பெருமை பேசித் திரிந்தவள் நான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கும் வேலை. மெஷினில் நூல் ஓட ஓட, பக்கத்துத் திரையில் ஒரு கோடும் கூடவே ஓடும். நூல் சீராக இருந்தால் கோடும் சீராகப் போகும். எங்காவது பஞ்சு திரண்டு நூல் பருத்திருந்தால் கோட்டில் ஒரு மேடு தெரியும். அதை ஸ்லப் என்போம். ஸ்லப் வந்தால் யோசிக்கவே கூடாது. பருத்த இடத்தை வெட்டு, இரண்டு முனையையும் சேர், ஓட விடு. வெட்டிய துண்டை மட்டும் தூரப் போட மாட்டோம். கறுப்பு அட்டையில் ஒட்டி மெஷின் நம்பர் எழுதி வைப்போம். யார் மெஷினில் குறை என்று பின்னால் சண்டை வந்தால் எடுத்துக் காட்ட வேண்டுமே. மில்லில் என் தலை தெரிந்தாலே "கத்திரி வருது, கத்திரி வருது" என்பார்கள். எனக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் குளிர்ந்து போகும்.

அந்தக் கத்திரியை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டி உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் எல்லாம் செக்யூரிட்டி வேலைக்குப் போக, இவர் கண்ணாடி தேய்க்க ஆரம்பித்தார். பத்து அங்குலக் கண்ணாடி. ஒன்றரை வருஷம் தேய்த்துத் தேய்த்துத் தொலைநோக்கிக்கு ஏற்ற குழிவு வரவழைத்தார். "மிக்ஸி ஓடலன்னு மூணு மாசமாச் சொல்லுதேன், அதப் பாக்க நேரமில்ல. வானத்தப் பாக்க மட்டும் நேரமிருக்கு அவியளுக்கு" என்று மதினி என்னிடம் புலம்புவாள். புதுத் தொலைநோக்கி வந்ததும் பழைய எட்டு அங்குலத்தை என் தலையில் கட்டினார். கட்டியதோடு பைத்தியமும் எனக்குத் தொற்றிக்கொண்டது.

வானம் பார்க்கிறவர்களுக்கு என்று ஒரு குழு உண்டு, மின்னஞ்சலில் பேசிக்கொள்வோம். அதில்தான் ஒருநாள் அந்தச் செய்தி வந்தது. வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் எழுதியிருந்தார். நெப்டியூனுக்கு டிரைட்டான் என்று ஒரு பெரிய நிலா. அந்த நிலாவுக்குக் கொஞ்சூண்டு காற்று உண்டு. ஒரே ஒரு விண்கலம் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்ததோடு சரி, அதற்கப்புறம் ஒருத்தரும் போகவில்லை. போகாமலே அந்தக் காற்றை அளக்க ஒரு வழி இருக்கிறது. அந்த நிலா நகர்ந்து போகும்போது எப்போதாவது பின்னால் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும். வெறும் கல்லாக இருந்தால் நட்சத்திரம் சுவிட்சைத் தட்டினது மாதிரி பொசுக்கென்று அணையும். காற்று இருந்தால் மெல்ல மெல்ல மங்கி, மெல்ல மெல்லத் திரும்பி வரும். அந்த மங்கலை நொடிக்கு நொடி அளந்தால் காற்று எவ்வளவு, எப்படி என்று கணக்குப் போட்டுவிடலாம். இந்தத் தடவை மறைக்கும்போது நிலாவின் நிழல் நம் பக்கம் ஓடுகிறது, வழியில் இருக்கிறவர்கள் படம் பிடித்து உதவுங்கள் என்று கேட்டிருந்தார்.

கூடவே பதினேழு பக்கத்துக்கு ஒரு குறிப்பு. கேமராவை எப்படி வைக்க, நேரத்தை எப்படிப் பதிய என்று ஆறு பக்கம் படித்தேன். மீதியெல்லாம் விளக்கம்தானே என்று மூடிவிட்டேன். அண்ணனும் அந்த ஆறோடு நிறுத்திக்கொண்டார். "ஆர்டர் என்னன்னு தெரிஞ்சா போதும். எதுக்குன்னு கேக்கப்படாது" என்றார். அவருக்குப் பட்டாளப் புத்தி, எனக்குப் பொறுமை கிடையாது.

புரட்டாசி மாதம், ராத்திரி எட்டு மணி சுமாருக்கு மறைப்பு. அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, பெருமாள் கோயில் இருக்கிற திருவண்ணாமலை என்ற குன்றுக்குப் போகும் பாதையில் ஒரு தென்னந்தோப்புக்குள் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார். நல்லவேளை சனிக்கிழமை இல்லை. இருந்திருந்தால் மலையடிவாரம் பூராவும் டியூப் லைட் கட்டியிருப்பார்கள். நான் ராஜபாளையத்தில் என் வீட்டு மொட்டை மாடியில். மேற்கே மலைமேல் மேகம் திரண்டு நின்றது. எனக்கு வேண்டியது கிழக்கு, அங்கே வானம் கழுவி விட்டது போல் இருந்தது.

லேப்டாப் திரையில் நிலாவும் நட்சத்திரமும் ஒட்டி ஒரே புள்ளியாகத் தெரிந்தன. சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி அந்தப் புள்ளி மங்கத் தொடங்கியது. யாரும் கை வைக்காமல், தானாக, மெல்ல. அத்தனை தூரத்தில் இருக்கிற காற்று என் வீட்டு மாடியில் வந்து தெரிகிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு நிமிஷம் கழிந்திருக்கும். நடுவில் திடீரென்று புள்ளி பொங்கி வெளிச்சமாகி மறுபடி அடங்கியது. அதே நேரம் கீழே தெருவில் ஏதோ கடகடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டு லோடு ஆட்டோ தெருமுனை திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஏலே, அறிவிருக்கா? லைட்ட அணைலே!" என்று மாடியிலிருந்து கத்தினேன்.

"யக்கா, நான் லைட்டே போடலியே! பேட்டரி டவுனு. தள்ளிக்கிட்டுல்லா வாரேன்!" என்றான் எதிர்வீட்டுத் தம்பி.

"பொய் சொல்லாதலே! கேமராவுல அடிக்கு வெளிச்சம்!"

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிப் போனான். விளக்கு எரியவில்லைதான். நான் கத்தின பிறகு அணைத்திருப்பான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து கால் மணி நேரத்தில் அண்ணன் போன் பண்ணினார். அவர் லேப்டாப் சரியான நேரத்தில் மண்டையைப் போட்டுவிட்டதாம். அதனால் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே செல்போனில் நொடிகளை எண்ணிச் சொல்லிக் குரலைப் பதிந்தும் வைத்திருக்கிறார், வயர்லெஸ்காரர் அல்லவா. அந்தப் பதிவை எனக்கு அனுப்பிவிட்டு, பார்த்ததை அந்த அம்மாளுக்கும் எழுதிவிட்டார்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன் கேளு. நட்டநடுவுல அது ஒரு மினுக்கு மினுக்குச்சு. மங்கிக் கெடந்த நேரத்துல பளிச்சுன்னு வந்துட்டுப் போச்சு."

"அண்ணே, இங்கயும் ஒருத்தன் லைட்ட அடிச்சிக் கெடுத்தான். அங்க எவனாவது டார்ச் அடிச்சிருப்பான்."

"தோப்புல என்னத் தவிர ஒரு ஆளு கெடையாது."

"அப்ப ஒங்க கண்ணுதான். அறுபது தாண்டிட்டுல்லா? இருட்டையே உத்துப் பாத்தா பூச்சி பறக்கத்தான் செய்யும்."

 "இருக்கும்" என்றார் அண்ணன்.

இரண்டு ஊர். ஒரே நேரம். இரண்டு பேருக்கும் நட்டநடுவில். இதை ஒரு நிமிஷம் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தரம் பார்க்கிறாளாம் தரம்!

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மில்லிலேயே உட்கார்ந்து அந்தப் படத்தில் புள்ளியின் வெளிச்சத்தை நொடிக்கு நொடி அளந்தேன். எண்களைக் கோடாக வரைந்ததும் எனக்கு அது பழகின முகமாகத் தெரிந்தது. சீராக இறங்குகிற கோடு, அடியில் தட்டையாக ஓடுகிற கோடு, அதன் நடுவில் அசிங்கமாக ஒரு மேடு. என் கை தானாகப் போனது. அந்த எட்டு நொடியை வெட்டினேன். இரண்டு பக்கமும் இருந்த அளவை எடுத்து நடுவில் நிரப்பி, முனையோடு முனை சேர்த்தேன். கோடு அழகாக, மழமழவென்று ஆகிவிட்டது. லேப்டாப்பில் இடம் இல்லாததால் முழுப் படத்தையும் அழித்துவிட்டு, எனக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். எண்களை அனுப்பும்போது நடுவில் வெட்டினேன் என்று ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஸ்லப் வெட்டினதை எந்த மில்லிலாவது நூல் சுற்றிய கோன்மேல் எழுதி ஒட்டியா விற்கிறார்கள்?

கொஞ்ச நாளில் அந்த அம்மாளிடமிருந்து குழுவுக்கு நன்றிக் கடிதம் வந்தது. கடைசியில் இரண்டு வரி இருந்தது. நடுவில் ஒளி கூடியதாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் சொல்லியிருப்பது, பக்கத்து ஊர்ப் பதிவில் காணப்படாததால் சேர்க்கப்படவில்லை. பக்கத்து ஊர்ப் பதிவு என்றால் என்னுடையது. குழுவில் இருந்த அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணனைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

பொங்கலுக்கு மதினி போன் பண்ணினாள். "நீ அவியட்ட என்னத்தச் சொன்ன? பொழுது சாஞ்சா வண்டியத் தொடுகதில்ல. கண்ணு பொய் சொல்லுதாம். மதுர ஆஸ்பத்திரிக்குப் போயிக் காட்டிட்டு வந்தாவ. டாக்டரு கண்ணு நல்லாருக்குங்காரு. இவிய, அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியலங்காவ. வானம் பாக்க வச்சிருக்காவள்ல, அந்தப் பெரிய கொழா, அத பெட்சீட் போட்டுச் சுத்தி மூலையில சாத்தியாச்சு."

"வயசாகுதுல்லா மதினி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அது நடந்து சில வாரத்தில் அந்த அம்மாள் எனக்கு மட்டும் தனியாக எழுதினார். மில்லில் டீ நேரத்தில் போனில் படித்தேன். வேறோர் இடத்தில் ஒருவர் பிடித்த படத்தில், நடு மறைப்பில் லேசாக ஒளி கூடியிருக்கிறதாம். அதை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டால், நிழலின் நடுக்கோடு எங்கள் இரண்டு ஊர் மேலேயும்தான் போயிருக்க வேண்டுமாம். உங்கள் பதிவில் நடுவில் கண்டிப்பாக ஏதாவது இருக்க வேண்டும், பதினான்காம் பக்கத்தைப் பாருங்கள், அசல் படம் இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அத்தோடு இன்னொன்று. "என் நன்றிக் கடிதம் வந்ததுமே உங்கள் அண்ணன் தாம் பார்த்ததாகச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். என் கண்ணை நம்ப முடியவில்லை, என் தங்கை வேலையில் தப்பு வராது, அவள் அனுப்பியதே சரி என்று எழுதினார். முடிந்தால் அவரிடம் மறுபடி கேளுங்கள்."

டீ ஆறிப்போனது. நான் பதினான்காம் பக்கத்தைத் திறந்தேன். நிழலின் நட்டநடுவில் நிற்கிறவருக்கு மட்டும், அந்த நிலாவைச் சுற்றியிருக்கிற காற்று முழுவதும் சேர்ந்து ஒரு லென்ஸ் போல் வேலை செய்யும். மறைந்துபோன நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வளைத்துக் குவிக்கும். சில நொடிகள் பளிச்சிடும். அந்த மேட்டின் வடிவத்தை வைத்துத்தான் அந்தக் காற்று சரியான உருண்டையாக இருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று சொல்ல முடியும். கிடைப்பது மிக அரிது, எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

எனக்கு முதலில் ஒன்றுமே ஓடவில்லை.  பக்கத்தில் மெஷின் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அத்தனை பேர் காத்துக் கிடந்த ஒன்று என் மாடியில் வந்து இறங்கியிருக்கிறது, நான் அதைக் கத்திரியால் வெட்டி எறிந்திருக்கிறேன். முழுப் படத்தை அழித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வெட்டிய துண்டைத் தூரப் போடாத பழக்கம் மட்டும்தான் என்னைக் காப்பாற்றியது. லேப்டாப்பில் ஒரு மூலையில் 'வேஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. நான் வைத்ததாகவே நினைவில்லை. கை பழகினபடி வைத்திருக்கிறது. உள்ளே அந்த எட்டு நொடி, ஒரு படம் குறையாமல், ஒவ்வொன்றின் மேலும் நேரத்தோடு இருந்தது.

மறுபடி அளந்தேன். அதே படத்தில் பக்கத்திலேயே இன்னொரு நட்சத்திரம் இருந்தது. ஆட்டோ வெளிச்சம் என்றால் அதுவும் சேர்ந்து பொங்கியிருக்க வேண்டும். அது அசையவே இல்லை. நம்ம புள்ளி மட்டும் ஏறி, உச்சிக்குப் போய், ஏறின மாதிரியே இறங்கியிருந்தது. எந்த ஸ்லப்பும் இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் அண்ணன் அன்றைக்கு அனுப்பின குரல் பதிவைத் தேடி எடுத்தேன். அதை அதுவரை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. பாதியில் சிரித்துவிட்டு நிறுத்தியிருந்தேன். படத்தின் நேரத்தையும் அவர் எண்ணுகிற நேரத்தையும் சேர்த்து வைத்து இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். "அம்பத்தெட்டு... அம்பத்தொம்பது... மங்கலு... மங்கலு..." என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்த குரல், புள்ளி ஏறத் தொடங்கின அதே இடத்தில் உடைந்தது. "ஏ... வந்துட்டு! வந்துட்டு! மினுக்குது... யம்மாடி, மினுக்குது..." புள்ளி அடங்கினதும், "போயிட்டு" என்று மெதுவாகச் சொன்னார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அந்த எட்டு நொடியையும் அந்தக் குரலையும் உடனே அந்த அம்மாளுக்கு அனுப்பினேன். நான்தான் வெட்டினேன், சொல்லாமல் நிரப்பினேன், என் அண்ணன் பார்த்தது உண்மை என்று எழுதினேன். எழுதிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பினேன். வாசலில் எதிர்வீட்டுத் தம்பி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அன்னைக்கு நீ லைட்டுப் போடலப்பா. நான்தான் சும்மா கத்திட்டேன்."

"என்னைக்குக்கா?" என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார், முன்னைவிட டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. மூலையில் பெட்ஷீட் சுற்றின தொலைநோக்கி நின்றது. "என்னட்டி, சொல்லாம கொள்ளாம?" என்றார். நான் லேப்டாப்பை அவர் மடியில் வைத்துப் படத்தையும் குரலையும் ஓடவிட்டேன்.

தன் குரலைக் கேட்டதும் முதலில் கூச்சப்பட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. புள்ளி ஏறியது, குரல் உடைந்தது, புள்ளி இறங்கியது. "திரும்பப் போடு" என்றார். போட்டேன். "இன்னொருக்கா." நான்கு தடவை பார்த்தார்.

"இது ஏன் மொதல்லயே இல்ல?"

"நான் வெட்டிட்டேன்ணே. ஸ்லப்புன்னு நெனச்சி வெட்டிட்டேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டியிருந்தால் தேவலாம். அவர் திரையையே பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப நான் பாத்தேன்லா?"

 சமையற்கட்டு வாசலில் நின்ற மதினிதான் சொன்னாள்: "பாத்தியதான். நல்லாத்தான் பாத்திய. இத்தன மாசமாச் சொல்லுதேன், என் பேச்சக் கேட்டாத்தானே?" சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான்.

காபி குடித்து எழுந்திருக்கும்போது இருட்டிவிட்டது. ஆட்டோ பிடித்துப் போய்க்கொள்கிறேன் என்றேன். அண்ணன் ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்தார். அதன்மேல் படிந்திருந்த தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மதினி தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

தேரடி தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் இடத்தில் எதிரே ஒரு லாரி விளக்கை முழுசாக எரியவிட்டுக்கொண்டு வந்தது. நான் பயந்து அவர் தோளைப் பிடித்தேன். "அண்ணே, மெல்ல. எனக்கு ஒண்ணுமே தெரியல, கண்ணு கூசுது."

"எனக்குத் தெரியுதுடி" என்றார்.